மைப்பொட்டு இல்லாத படம்

தனபாலனுக்குக் கோணல் என்றால் ஆகாது. தி.நகரில் உஸ்மான் ரோட்டுக்குப் பின்சந்தில் இருந்த அவனுடைய ஜவுளிக் கடையில், அடுக்கிலிருந்து ஒரு சேலை விரல்நுனி அளவு துருத்திக்கொண்டிருந்தால் போதும், வாங்க வந்தவரைப் பாதிப் பேச்சில் விட்டுவிட்டுப் போய் அதை உள்ளே தள்ளிவிட்டு வருவான். வாசலில் நின்ற இரண்டு பொம்மைகளுக்கும் முந்தானை ஒரே உயரத்தில் தொங்க வேண்டும். கடையில் வேலை செய்தவர்கள் அவன் முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள். அது அவனுக்கும் தெரியும்.

இப்படிப்பட்ட ஆளிடம் போய் துபாயிலிருந்து வந்த மச்சினன் ஒரு கேமராவைக் கொடுத்தான். தொண்ணூற்றாறாம் வருஷம், ஆடித் தள்ளுபடி முடிந்து கடைக்காரர்கள் கொஞ்சம் மூச்சு விடுகிற சமயம். வேறு யாராவது என்றால் பெண்டாட்டி பிள்ளைகளை நிற்கவைத்து நாலு படம் எடுத்துவிட்டு கேமராவைப் பீரோவில் வைத்துப் பூட்டியிருப்பார்கள். தனபாலன் முதலில் எடுத்தது வாசல் பொம்மைகளை. இரண்டுக்கும் நட்டநடுவில் நின்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு அமுக்கினான்.

படம் கழுவி வந்தபோது ஒரு பொம்மைக்குக் கை இல்லை. இன்னொன்றின் பக்கத்தில் சும்மா சுவர்.

பாண்டி பஜாரில் படம் கழுவிக் கொடுக்கிற கடையில் கைசர் ஜஹான் என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். தனபாலன் அவளிடம் சண்டைக்குப் போனான். "நான் சரியா நடுவுலதாம்மா எடுத்தேன். நீங்க பிரிண்ட் போடும்போது வெட்டிட்டீங்க."

அவள் நெகட்டிவைத் தூக்கி விளக்குக்கு நேரே பிடித்தாள். "நீயே பாரு சார். நெகட்டிவ்லயே பொம்மைக்குக் கை இல்லாமதான் கீது. நான் இன்னா பண்றது?"

வீட்டுக்கு வந்து கேமராவோடு வந்த தாளைத் தேடி எடுத்துப் படித்தபோதுதான் விஷயம் புரிந்தது. கண் வைத்துப் பார்க்கிற ஜன்னல் வேறு, படம் பிடிக்கிற கண்ணாடி வேறு. ஒன்று ஓரத்தில் இருக்கிறது, இன்னொன்று நடுவில் இருக்கிறது. தூரத்தில் இருப்பதைப் பிடித்தால் வித்தியாசம் தெரியாது. கிட்டத்தில் இருப்பதைப் பிடித்தால் நாம் பார்த்த நடு ஒன்று, கேமரா பார்த்த நடு இன்னொன்று. அதிலிருந்து தனபாலன் கிட்டத்துப் படமென்றால் நடுவைக் குறித்துக்கொண்டு, பிறகு கேமராவை ஒரு கட்டைவிரல் அகலம் நகர்த்தி எடுக்கப் பழகினான்.

அதோடு பைத்தியம் முற்றியது. கடை திறக்கும் முன் விடியற்காலையில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான். மயிலாப்பூரில் கபாலி கோவில் கோபுரத்துக்கு நேரே நடுத்தெருவில் நின்றுகொண்டு, அரை அடி இடது, கால் அடி வலது என்று நகர்ந்துகொண்டிருந்தவனை ஓர் ஆட்டோக்காரர் உரசிக்கொண்டு போனார். "இன்னா நைனா, வூட்ல சொல்லிக்கினு வந்தியா?" என்று ஒரு கேள்வியையும் போட்டுவிட்டுப் போனார். பெசன்ட் நகர் மாதா கோவில் முகப்பை எடுத்தபோது கேமரா துளி சாய்ந்துவிட்டது. படத்தில் மொத்தக் கோவிலும் கடல் பக்கமாக நழுவிக்கொண்டிருந்தது. சாதாரணப் படத்தில் அந்தச் சாய்வை யாரும் கவனிக்க மாட்டார்கள். இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்க வேண்டிய படத்தில் அது பல்லில் மாட்டிய நார் மாதிரி உறுத்தியது. அப்படி ஒவ்வொன்றாகத் தப்புச் செய்து தப்புச் செய்துதான் கற்றுக்கொண்டான்.

நடுத்தெருவில் தேடிக்கொண்டிருந்தது வீட்டிலேயே கிடந்தது. அவனுக்கு இரட்டைப் பெண்கள். ஸஹானா, ஸ்நேஹா. எட்டு மாதக் குழந்தைகள். ஒருத்திக்கு முன்னால் கண்ணாடி வைத்தால் இன்னொருத்தி. கண்ணும் மூக்கும் அப்படி, அழுகிற சுருதியும் அப்படி.

இங்கே தனபாலனின் ரகசியம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அவனுக்குத் தன் பெண்களில் எது ஸஹானா, எது ஸ்நேஹா என்று தெரியாது. அவனைக் குறை சொல்லி என்ன செய்ய? அவன் கடைக்குப் போகும்போது அவர்கள் தூங்குவார்கள், திரும்பி வரும்போதும் தூங்குவார்கள். மீனாட்சி வைக்கிற திருஷ்டிப் பொட்டு அவனைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. என்றோ ஒருநாள் ஸ்நேஹா முகத்தைத் திருப்பிக்கொண்டதால் கன்னத்துப் பொட்டு தாடையில் விழுந்தது. மீனாட்சிக்கு அதுவே பழக்கமாகிவிட்டது. ஸஹானாவுக்குக் கன்னத்தில், ஸ்நேஹாவுக்குத் தாடையில். தனபாலன் பொட்டைப் பார்த்துப் பெயர் சொல்லுவான். மீனாட்சி அதற்கே மகிழ்ந்துபோவாள். "பிள்ளையள சரியாக் கண்டுபிடிச்சிடுதீங்களே, எங்க அக்காவுக்கே குழம்புது" என்பாள். அவன் பேசாமல் சிரித்துவைப்பான்.

தீபாவளிக்கு மறுநாள் ஜவுளிக் கடைக்கு விடுமுறை. ஒரு மாதம் கூட்டத்தில் இடி வாங்கிய கடை ஆட்கள் எல்லோரும் அன்று ஊருக்குப் போய்விடுவார்கள். குழந்தைகள் இரண்டுக்கும் சளி. மீனாட்சி மயிலாப்பூரில் இருந்த அக்கா வீட்டுக்குக் கிளம்பும்போது இரண்டு மருந்துப் புட்டிகளை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"தூங்க வைக்கதுக்கு முன்னால குடுத்திடுங்க. சிவப்பு மருந்து ஸஹானாவுக்கு, வெள்ளை மருந்து ஸ்நேஹாவுக்கு. மாத்திடாதீங்க. வெள்ளை ஸஹானாவுக்கு ஆகாது, வாந்தி எடுப்பா. போன மாசம் சிவப்பைக் குடிச்சுத்தான் ஸ்நேஹாவுக்கு முகமெல்லாம் வீங்கி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம், ஞாபகம் இருக்கில்லா?"

"இருக்கு, இருக்கு. நீ போயிட்டு வா."

அவள் ஆட்டோ தெருமுனை திரும்பியதும் தனபாலன் வேலையை ஆரம்பித்தான். சுவரில் வெள்ளைப் படுக்கை விரிப்பைக் கட்டினான். தீபாவளிக்குக் கடையிலிருந்து எடுத்துவந்த ஒரே மாதிரிக் கவுன்களை இருவருக்கும் போட்டான். இடது பக்கம் ஸஹானா, வலது பக்கம் ஸ்நேஹா. தலையணையில் சாய்த்து உட்காரவைத்துவிட்டு கேமரா ஜன்னலில் கண் வைத்தான். எல்லாம் ஒத்துப்போயிற்று, அந்த இரண்டு பொட்டுகளைத் தவிர. ஒன்று கன்னத்தில், ஒன்று தாடையில். கடை அலமாரியில் துருத்திக்கொண்டிருக்கிற சேலை ஞாபகம் வந்துவிட்டது அவனுக்கு.

துண்டு நுனியில் தேங்காயெண்ணெய் தொட்டு இரண்டு பொட்டையும் துடைத்தான். படம் எடுத்த பிறகு அதே இடத்தில் வைத்துவிட்டால் போயிற்று. இடது ஸஹானா, வலது ஸ்நேஹா. இதிலென்ன குழப்பம்?

கட்டைவிரல் அகலம் நகர்த்தி அமுக்கினான். அதுதான் சுருளில் கடைசிப் படம். கேமரா தானாகவே கிர்ரென்று சுற்ற ஆரம்பித்தது. தனபாலன் சுருளை வெளியே எடுத்து டப்பாவில் போட்டு மூடிவிட்டுத் திரும்பினான். தலையணைகள்தான் இருந்தன. குழந்தைகள் இரண்டும் கட்டிலுக்கு அடியில் ஒன்றின் மேல் ஒன்று ஏறிப் புரண்டுகொண்டிருந்தன.

வெளியே இழுத்து மடியில் வைத்துப் பார்த்தான். இந்தப் பக்கம் ஒரு முகம், அந்தப் பக்கம் ஒரு முகம். "ஸஹானா" என்று கூப்பிட்டான். இரண்டும் சிரித்தன. "ஸ்நேஹா" என்றான். அதற்கும் இரண்டும் சிரித்தன. ஒரே கவுன், ஒரே மூக்கொழுக்கு. மேஜைமேல் சிவப்பும் வெள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன.

ஏதாவது ஒன்றை ஊகித்துக் கொடுத்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றத்தான் செய்தது. போன மாதம் ஆஸ்பத்திரியில் பார்த்த அந்த வீங்கிய முகம் கண்முன் வந்தது. போய் மீனாட்சியின் அக்கா வீட்டுக்குப் போன் போட்டான்.

"மீனாட்சி, ஒண்ணுமில்ல. பிள்ளைங்க அழுததுல பொட்டு அழிஞ்சு போச்சு. அதான் மருந்து..."

"அழிஞ்சா என்ன? ஸஹானாவுக்குச் சிவப்பைக் குடுங்க."

தனபாலன் போன் வயரை விரலில் சுற்றினான்.

"ஏங்க, கேக்குதா?"

"எது ஸஹானான்னு..." என்று ஆரம்பித்தான்.

அந்தப் பக்கம் அக்கா வீட்டுக் குக்கர் விசிலடித்தது மட்டும் கேட்டது. "ரெண்டு பேருக்கும் எதையும் குடுக்காதீங்க. வாரேன்" என்று சொல்லி மீனாட்சி போனை வைத்துவிட்டாள்.

அவள் வந்தபோது குழந்தைகள் பாயில் கிடந்தன. மீனாட்சி செருப்பைக் கழற்றிக்கொண்டே அவர்களைப் பார்த்தாள். அவ்வளவுதான். நேரே போய் ஒருத்தியைத் தூக்கிச் சிவப்பு மருந்தை ஊற்றினாள். அடுத்தவளுக்கு வெள்ளை. சுவரில் கட்டியிருந்த விரிப்பும் எண்ணெய்த் துண்டும் அவள் கண்ணில் படாமல் இல்லை.

"எப்படித் தெரியுது உனக்கு?" என்று கேட்டான் தனபாலன். கேட்டிருக்கக் கூடாது.

"இத்தன நாளும் பொட்டப் பாத்துத்தான் பேரு சொன்னீங்களா?" என்றாள் மீனாட்சி. கத்தியிருந்தாலாவது தேவலை. மெதுவாகக் கேட்டாள். மறுநாளிலிருந்து இருவருக்கும் கன்னத்தில் ஒரே இடத்தில் பொட்டு வைத்தாள்.

படம் வந்தது. கைசர் ஜஹான் அதை உறையிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு, "அய்ய, கண்ணாடி வெச்சு எடுத்தா மாரி கீதே சார்! பிரேம் போட்டு மாட்டு" என்றாள். உண்மைதான். நட்டநடுவில் ஒரு கோடு கிழித்து மடித்தால் மூக்கின்மேல் மூக்கு உட்காரும். தனபாலன் ஆசைப்பட்டதெல்லாம் இப்படி ஒரு படத்துக்குத்தான். அதைக் கையில் வைத்துக்கொண்டு அவன் கூனிக்குறுகி நின்றான்.

வீட்டுக்குக் கொண்டுபோகத் தைரியம் வரவில்லை. கடையில் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் செருகிவைத்தான். அங்கே வைத்ததால் தினமும் பார்க்க வேண்டியிருந்தது. அவன் கண்தான் நமக்குத் தெரியுமே, ஒரு சேலை துருத்தினால் பொறுக்காத கண். பார்க்கப் பார்க்க, ஒட்டாத ஓர் இடம் அதில் தட்டுப்பட்டது. இடது பக்கத்துப் பார்வை நேராக இருக்கிறது. வலது பக்கத்துப் பார்வை கொஞ்சம் உயரத்தில் போகிறது. எதைப் பார்க்கிறாள்?

ஒரு காகிதத்தால் பாதிப் படத்தை மறைத்தான். பிறகு அடுத்த பாதியை மறைத்தான். சட்டென்று பிடிபட்டது. இடது பக்கம் உட்கார்ந்த ஸஹானா கேமராவைப் பார்க்கிறாள். ஸ்நேஹா கேமராவைப் பார்க்கவில்லை. அதைப் பிடித்துக்கொண்டிருந்தவனைப் பார்க்கிறாள். சளியும் மூக்குமாக இருந்த பிள்ளை, என்றைக்காவது ஒருநாள் வீட்டில் இருக்கிற அப்பனின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அவன் தன் ஒற்றைக் கண்ணை ஜன்னலில் வைத்து, இரண்டு பக்கமும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். தனபாலனுக்குக் கண் கலங்கிவிட்டது. சேலை பார்க்க வந்த அம்மாள் ஒருத்தி, "இன்னா சார், தூசியா?" என்று கேட்டாள்.

அன்றிலிருந்து மாலையில் வியாபாரத்தைத் தம்பியிடம் விட்டுவிட்டு வீட்டுக்குப் போகத் தொடங்கினான். அந்த நேரத்தில் முதலாளி கிளம்புகிறான் என்று கேட்டால் தி.நகரில் எவனும் சிரிப்பான். கேமரா பீரோவில் கிடந்தது. தனபாலன் பாயில் உட்கார்ந்து கிலுகிலுப்பையை ஆட்டுவான். ஒருத்தி கிலுகிலுப்பையைப் பார்ப்பாள். ஒருத்தி ஆட்டுகிறவனைப் பார்ப்பாள். அதை வைத்துப் பெயர் சொல்லுவான். சில நாள் இரண்டும் கிலுகிலுப்பைக்காகவே சண்டை போடும். அப்போது தப்பாகச் சொல்லுவான். மீனாட்சி திருத்தமாட்டாள், ஆமாம் என்றும் சொல்லமாட்டாள். இருந்தாலும் கொஞ்சம் கொஞ்சமாக மற்றதெல்லாம் தெரிய ஆரம்பித்தது. ஸஹானா தும்மினால் இரண்டு முறை தும்முவாள். ஸ்நேஹா தூக்கினால் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொள்வாள். பிறகு கிலுகிலுப்பை தேவைப்படவில்லை.

மார்கழிப் பனிக்கு இருவருக்கும் மறுபடி சளி பிடித்தது. ஒருநாள் சாயங்காலம் தனபாலன் உள்ளே வந்தபோது மீனாட்சி இரண்டு புட்டிகளையும் எடுத்து மேஜையில் வைத்துக்கொண்டிருந்தாள். குழந்தைகள் பாயில் இருந்தன. ஒரே கவுன், கன்னத்தில் ஒரே இடத்தில் பொட்டு. அவன் செருப்பைக் கழற்றிக்கொண்டே பார்த்தான். போய் ஒருத்தியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான்.

"ஸ்நேஹாவுக்கு மேலு கொஞ்சம் சுடுதே மீனாட்சி" என்றான்.

மீனாட்சி அவனைப் பார்த்தாள். குழந்தையைப் பார்த்தாள். கையிலிருந்த கரண்டியைத் துடைத்து, இரண்டு புட்டிகளையும் அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"அப்ப நீங்களே ரெண்டு பேருக்கும் குடுத்திடுங்க. அடுப்புல பால் வச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள்.