இரண்டு வருஷத்துக்குக் கல்யாணம் கூடாது

காலையில் எழுந்து கிணற்றில் தண்ணீர் இறைத்தேன். பல் விளக்கினேன். ஸ்டவ்வைப் பற்றவைத்துக் காபி போட்டேன். பால் இல்லை. சவரம் செய்து, குளித்து, வேட்டி மாற்றிக் கோட்டைப் போட்டுக்கொண்டேன். நேரம் இருந்தது. உட்கார முடியவில்லை. கூடத்தில் கொஞ்ச நேரம் நடந்துவிட்டுக் கதவைப் பூட்டினேன்.

அன்று ஆபீசுக்கு லீவு. என் மைத்துனி சாமுண்டீஸ்வரியை, வீட்டில் கூப்பிடுவது ஈஸ்வரி, பட்டணத்தில் இரண்டு கல்லூரிகளுக்கு அழைத்துப் போக வேண்டும். குடும்பத்தில் பி.ஏ. படித்தவன் நான் ஒருவன்தான். அவளுடைய அக்கா வரலட்சுமி என் மனைவி. மாசியில் டைபாய்டு ஜுரத்தில் இறந்தாள். இப்போது ஆனி.

மாமியார் வீடும் என் வீட்டைப் போல அம்பத்தூரில்தான், பக்கத்துத் தெரு. மாமியார் பொன்னம்மாள் வாசலிலேயே நின்றிருந்தாள்.

"இன்னா மாப்ளே, இப்பிடி எளச்சிப் பூட்டீங்க? ரெண்டு இட்லி துன்னுட்டுப் போங்க."

"ரயிலுக்கு நேரமாச்சு."

"உங்க மாமனாரு வேல செய்ற ரயிலு என்னிக்கு நேரத்துக்கு வந்துது?"

உள்ளே மாமனார் திருவேங்கடம் இருமினார். ஈஸ்வரி டென்னிஸ் மட்டையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தாள். மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர் பழக்கிவிட்ட ஆட்டம் அது. எஸ்.எஸ்.எல்.சி. முடிக்கும் வருஷம் பள்ளிகளுக்கான போட்டியில் கோப்பை வாங்கினாள். அந்தக் கோப்பையில்தான் பொன்னம்மாள் புளி போட்டு வைத்திருக்கிறாள்.

முதல் கல்லூரியில் ஆட்டம் பார்க்கவில்லை. கோப்பை வாங்கிய விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, காலேஜ் சம்பளத்தில் பாதியைத் தள்ளுபடி செய்வதாகச் சொன்னார்கள். தினமும் வீட்டிலிருந்து வந்துபோகலாம்.

இரண்டாவது கல்லூரியில் மைதானத்துக்கு அழைத்துப் போனார்கள். ஒரு சீனியர் மாணவியோடு ஆடவிட்டார்கள். அந்தப் பெண் வெள்ளைக் கான்வாஸ் ஷூ போட்டிருந்தாள். ஈஸ்வரி தாவணியை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு வெறுங்காலோடு நின்றாள். முதல் சில பந்துகளை வலையில் அடித்தாள். பிறகு ஒன்றுகூட வலையில் விழவில்லை. நான் வேலியோரம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நடந்துகொண்டிருந்தேன். கடைசியில் அந்த சீனியர் பெண் மூச்சுவாங்கியபடி சிரித்து, "போதும்மா, என்னைக் கொன்னுடாதே" என்றாள்.

பிரின்சிபால் அம்மாள் என்னை அறைக்குக் கூப்பிட்டார். சம்பளம் முழுவதும் இனாம், ஹாஸ்டலும் இனாம். கல்லூரிக்காக எல்லாப் போட்டிகளிலும் ஆட வேண்டும். இன்னொரு நிபந்தனை: இன்டர்மீடியட் முடியும்வரை, இரண்டு வருஷத்துக்கு, கல்யாணம் கூடாது. போன வருஷம் இப்படி இடம் கொடுத்த பெண்ணைப் பாதியில் கல்யாணம் செய்து கூட்டிப் போய்விட்டார்களாம்.

"நீங்கள் அவளுக்கு என்ன உறவு?" என்று கேட்டார்.

"அக்கா புருஷன்."

திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லச் சொன்னார்.

திரும்பும் ரயிலில் ஈஸ்வரி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நான் நின்றுகொண்டே வந்தேன். பேசின்பிரிட்ஜ் தாண்டியதும் அவள் கேட்டாள்.

"அம்மா உங்ககிட்ட சொல்லிச்சா?"

"என்ன?"

"ஆவணியில கல்யாணம்னு. உங்களுக்கும் எனக்கும். பாதிச் சம்பளக் காலேஜுக்கு உங்க ஊட்லேர்ந்தே போய்வரலாமாம்."

யாரும் என்னிடம் சொல்லவில்லை. ஆனால் எதிர்பார்க்காததும் இல்லை. எனக்கு இதில் மறுப்பு உண்டா என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை. வீட்டில் விளக்கு ஏற்றியிருக்கும். பால் இருக்கும்.

"உனக்கு எது வேணும்?" என்றேன்.

"ஹாஸ்டல்தான். அந்தக் கோர்ட்டப் பாத்தீங்க இல்ல?" கொஞ்ச நேரம் உள்ளங்காலில் ஒட்டியிருந்த செம்மண்ணைத் தேய்த்தாள். "ஆனா அக்கா சொல்லிட்டுப் பூட்டாளே. தங்கச்சிய அவருக்கே குடுத்துடுன்னு. அதான் அவ கடைசியா சொன்னதுன்னு அம்மா சொல்லுது. அக்கா சொல்லியிருந்தா நான் வரேன் மாமா. அழ மாட்டேன்."

வில்லிவாக்கத்தில் கூட்டம் ஏறியது. ஒரு மீன்கூடை எங்களுக்கு நடுவில் வந்து நின்றது. நான் பதில் சொல்லவில்லை. அவள் அதையே பதிலாக எடுத்துக்கொண்டாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அவளே சொன்னாள். "ரெண்டு எடத்துலயும் எடம் குடுத்துட்டாங்கம்மா. பாதிச் சம்பளமே போதும்."

பொன்னம்மாளுக்கு முகம் மலர்ந்தது. "பாத்தியா, என் பொண்ணுக்குப் புத்தி கீது. மீதிப் பாதிய மாப்ளே கட்டிடுவாரு. மட்டையத் தூக்கிப் பரண்மேல போடு. கல்யாணப் பொண்ணு வெயில்ல குதிச்சா கருத்துப் பூடுவ."

ஈஸ்வரி மட்டையை எடுத்துக்கொண்டு உள்ளே போகத் திரும்பினாள்.

"அவ ஹாஸ்டலுக்குப் போகட்டும்" என்றேன்.

"இன்னா மாப்ளே சொல்றீங்க? செத்தவ வார்த்தைக்கு ஒரு மதிப்பு வாணாவா?"

"வரலட்சுமி அப்படிச் சொல்லலை."

"நான் பெத்தவ. எனக்குத் தெரியாதா?"

"கடைசி நேரத்துல நீங்க கஞ்சி வைக்கப் போயிருந்தீங்க. மாமா டாக்டரைக் கூப்பிடப் போயிருந்தார். நான் மட்டும்தான் பக்கத்துல இருந்தேன்."

பொன்னம்மாள் மாமனாரைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். "மாப்ள சொல்றது நெஜம்தாண்டி. நாம யாரும் இல்ல அப்போ" என்றார்.

"ஒரு வார்த்த கூடவா என் பொண்ணு தங்கச்சியப் பத்திப் பேசல?" பொன்னம்மாளின் குரல் உடைந்தது. "அப்போ இன்னாதான் சொன்னா? சொல்லுங்க."

ஈஸ்வரி கதவருகே நின்று என்னையே பார்த்தாள். ஏதாவது பெரிதாகச் சொல்லலாம், நம்புவார்கள். உள்ளதைச் சொன்னேன்.

"'போர்வ கால்ல சுத்திக்கினு கீது, எடுத்து உடுங்க'ன்னா."