செங்கல்சூளை மைதானத்துக்குப் புல் வந்த விதம்

2006 ஆகஸ்டில், மூன்றாவது டிவிஷன் ஃபுட்பால் லீக்கில் தான் ஆடிய முதல் மேட்சின் பதினேழாவது நிமிஷத்தில், லஸ் யங்ஸ்டர்ஸ் டீமின் லெஃப்ட் பேக் ஜவஹர் கோட்டோரம் குனிந்து ஒரு கைப்பிடி புல்லை வாந்தி எடுத்தான். காலையில் அவன் சாப்பிட்டது நாலு இட்லியும் தேங்காய்ச் சட்னியும். வந்ததில் இட்லியும் இல்லை, சட்னியும் இல்லை. வேரோடு, நுனியில் பனித்துளியோடு, நாலு விரல் நீளத்துக்குப் பச்சைப் புல். ரெஃப்ரி வந்து பார்த்தார். விதிப்புத்தகத்தில் இதைப் பற்றி ஒன்றும் இல்லாததால் எதிர் டீமுக்கு த்ரோ கொடுத்தார். லஸ் யங்ஸ்டர்ஸ் நாலுக்குப் பூஜ்யம் என்று தோற்றது. மறுநாள் வாக்கிங் வந்தவர்கள் பார்த்தபோது அந்தப் புல் விழுந்த இடத்திலேயே வேர் பிடித்து, ஒரு முறம் அளவுக்குப் படர்ந்திருந்தது.

மந்தைவெளிக்கும் அடையாற்றுக்கும் நடுவில் இருக்கும் அந்த மைதானத்தில் அதற்கு முன் புல் முளைத்ததாக யாருக்கும் ஞாபகம் இல்லை. ஒரு காலத்தில் செங்கல்சூளை இருந்த இடம். மண் முழுக்க வெந்துபோன மண். விழுந்தால் முட்டித் தோல் அங்கேயே தங்கிவிடும். வடக்கு கோல்போஸ்ட்டுக்குப் பின்னால் மோர் விற்கும் அமீனா பீயின் ஐந்து ஆடுகள் மேய எதுவும் இல்லாமல் சினிமா போஸ்டர், காலுறை, ஒருமுறை லைன்ஸ்மேனின் கொடி என்று கிடைத்ததைத் தின்று காலம் தள்ளின. ஹாஃப் டைமில் டீம் சாப்பிட்ட வாழைப்பழத் தோலை ஜவஹர் கொண்டுபோய்க் கொடுத்தால் அவன் சட்டைப்பை வரை மூக்கை நுழைத்துத் தேடும். அப்பேர்ப்பட்ட ஆடுகள் அந்தப் புல்லருகில் போய் மோந்து பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டன. தூரத்திலிருந்து பார்த்தால் கண்ணுக்குக் குளிர்ச்சிதான். குனிந்தால், இரண்டு நாள் மறந்துபோன டிபன் பாக்ஸைத் திறந்த மாதிரி ஒரு நாற்றம் அடித்தது.

காரணம் புரிய ஜவஹருக்கு இன்னொரு மேட்ச் தேவைப்பட்டது. கிளப்பின் செக்ரட்டரி பஞ்சாட்சரம், நெற்றி நிறைய விபூதி, கக்கத்தில் ரெக்ஸின் பை, எல்லோரையும் சுற்றி நிற்கவைத்து, "வெயில் ஜாஸ்தியா கீது, ரொம்ப ஓடாதீங்கப்பா" என்றார். வானம் இருட்டிக்கொண்டு தூறல் விழுந்துகொண்டிருந்தது. ஜவஹர் அண்ணாந்து பார்த்தான். கோல்கீப்பர் அம்மாசி அவன் விலாவில் இடித்தான்.

"இன்னாடா மேல பாத்துக்கினு கீற? மேட்ச் குடுத்தாச்சு மச்சி."

"எவ்ளோக்கு?"

"துட்டெல்லாம் இல்லடா. போன வருசம் அவங்க நமக்குக் குட்த்தாங்க, இந்த வருசம் நாம குடுக்கறோம். மொய் மாதிரி."

காசுக்கு விற்றிருந்தால்கூட வயிற்றுப்பாடு என்று ஒரு நியாயம் சொல்லலாம். இவர்கள் மரியாதைக்காக விற்றார்கள். கீழ் டிவிஷனுக்கு இறங்குகிற நிலையில் இருக்கும் டீமுக்கு, பத்திரமாக இருக்கும் டீம் மூன்று பாயின்ட் வைக்க வேண்டும். வைத்தவனுக்கு முடை வரும்போது வாங்கியவன் திருப்பி வைக்க வேண்டும். வைக்காதவன் முகத்தில் லீக் நடத்தும் சங்கத்தில் ஒருத்தரும் விழிக்க மாட்டார்கள். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் சரி, பந்தாட்டத்துக்கு எதற்கடா இந்தச் சம்பிரதாயம் என்று கேட்க நாதி இல்லை. ஒருவரை ஒருவர் இப்படி வாழவைத்துக்கொண்டதில் முப்பது வருஷமாக அந்த டிவிஷனிலிருந்து ஒரு டீமும் கீழே இறங்கவில்லை, மேலே ஏறவும் இல்லை. ஊரார் கை கழுவின தண்ணீரையே மாற்றாமல் வைத்திருந்த அண்டா அது. அதில்தான் எல்லோரும் முகம் கழுவிக்கொண்டு, சுத்தமாக இருக்கிறோம் என்று சொல்லிக்கொண்டார்கள். த்தூ.

கொடுத்த மேட்ச், வாங்கிய மேட்ச், இல்லாவிட்டால் வரப்போகிற வருஷத்துக்காக முன்கூட்டியே வைத்த மேட்ச். இப்படி எதுவும் இல்லாத ஒரு மேட்சை ஜவஹர் ஆடியதே இல்லை. ஆகவே ஒவ்வொரு மேட்சிலும் பதினேழாவது நிமிஷத்தில் குனிந்தான். மூன்று வருஷத்தில், லெஃப்ட் பேக் முதல் பாதியில் நிற்கும் மூலையும் இரண்டாம் பாதியில் நிற்கும் எதிர்மூலையும் பாய் விரித்த மாதிரி பச்சையாகிவிட்டன. அதன் அருமை முதலில் தெரிந்தது பஞ்சாட்சரத்துக்குத்தான். 2010-ல் ஜவஹரை ரைட் பேக்குக்கு மாற்றினார். அவனுடைய வலது கால் ஊன்றிக்கொள்ள மட்டுமே உதவும் என்பது மைதானத்து நாய்க்குக்கூடத் தெரியும். "அந்தாண்ட மொட்டையா கீதுப்பா" என்றார், கூச்சநாச்சம் இல்லாமல். 2014-ல் கோல் ஏரியாவில் புல் வேண்டும் என்று நடுப் பின்வரிசைக்கு வந்தான். 2017-ல், பந்தைத் தலையால் முட்டத் தெரியாத அவனை ஃபார்வர்டு ஆக்கினார்கள். மற்ற ஆட்டக்காரர்களின் வாழ்க்கையைக் கோல் கணக்கில் எழுதுவார்கள். ஜவஹரின் வாழ்க்கையை மேலிருந்து ஃபோட்டோ எடுத்தாலே போதும்.

புல் வந்த பிறகு ஜனமும் வந்தது. ஸ்ரீரஞ்சனி மேடத்தின் யோகா வகுப்பு ஈசான்ய மூலையில் விரிப்புப் போட்டது. மூச்சை ஆழமாக இழுக்கச் சொல்லும்போது மட்டும் மூக்கில் தைலம் தடவிக்கொண்டார்கள். கல்யாண ஜோடிகள் வந்து படுத்தபடி படம் எடுத்துக்கொண்டன. சங்கம், சிறந்த புல்தரைக்கான கேடயத்தைப் பஞ்சாட்சரத்துக்குக் கொடுத்தது. வாந்தியில் உட்கார்ந்து சுண்டல் தின்கிறோம் என்று தெரிந்தே தின்றார்கள். தெரியாமல் தின்றிருந்தால் பாவம் என்றாவது சொல்லலாம்.

ஜவஹர் தி. நகரில் அப்பாவின் பாத்திரக்கடையைப் பார்த்துக்கொண்டான். 2013-ல் திருநெல்வேலிப் பக்கத்துச் சண்முகவடிவைக் கட்டிக்கொண்டு ராயப்பேட்டையில் குடிவைத்தான். அவன் ஜெர்சியை அவள் மூன்று தண்ணீரில் அலசினாலும் அந்த ஊசல் வாடை போகவில்லை. ஒரு டாக்டர் வயிற்றுக்குள் கேமரா விட்டுப் பார்த்து, எல்லாம் சுத்தமாக இருக்கிறது என்று எழுதிக்கொடுத்தார்.

"ஏங்க, விட்டுருங்களேன்" என்றாள் வடிவு. "ஊர்ல ஆம்பளைங்க குடிச்சிட்டு வந்து வாந்தி எடுக்காங்க. நீங்க வெளையாடிட்டு வந்து எடுக்கீங்க."

"ஒரே ஒரு மேட்ச் வடிவு. யாரும் யாருக்கும் குடுக்காத மேட்ச் ஒண்ணு. வாந்தி வராம அதைப் பாத்துட்டேன்னா விட்டுடறேன்."

அவனுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். கோப்பை கேட்கவில்லை, பேப்பரில் பேர் கேட்கவில்லை. எழுபது நிமிஷம் வயிறு சும்மா இருந்தால் போதும்.

2021-ல் முட்டி போய்விட்டது. பஞ்சாட்சரம் அவனை மேனேஜர் ஆக்கினார். மேனேஜர் என்றதும் கோட்டு சூட்டு என்று நினைக்க வேண்டாம். ஐஸ் பெட்டி, எலுமிச்சைத் துண்டுகள், ஒரு சீப்பு வாழைப்பழம், ஆட்டக்காரர்களின் ஐடி கார்டுக் கட்டு, ரெஃப்ரியிடம் கொடுக்க இரண்டு பிரதி டீம் லிஸ்ட் இவ்வளவும் தூக்குகிறவன் மேனேஜர். பஞ்சாட்சரத்தின் கணக்கு வேறு. மைதானத்தில் நடுவட்டம் ஒன்றுதான் வழுக்கையாகப் பாக்கி இருந்தது. மேட்ச் முடிந்ததும் இரண்டு மேனேஜர்களும் கைகுலுக்குகிற இடம் அது; கைகுலுக்கும்போதும் அவனுக்கு வாந்தி வரும் என்று நம்பினார். ஜவஹர் பிடிகொடுக்கவில்லை. பெஞ்சடியிலேயே வாந்தி எடுத்துவிட்டு, கைகுலுக்க அம்மாசியை அனுப்பினான். மூன்று வருஷத்தில் பெஞ்சைச் சுற்றிப் புல் முட்டி உயரம் வளர்ந்தது. நடுவட்டம் வழுக்கையாகவே இருந்தது.

2024-ல் லஸ் யங்ஸ்டர்ஸ் கடைசி இடத்துக்கு வந்து நின்றது. கடைசி மேட்சில் ஜெயித்தால்தான் தப்பும். எதிரே தெப்பக்குளம் ரெக்ரியேஷன் கிளப். அவர்கள் பத்திரமான இடத்தில் இருந்தார்கள், முறைப்படி அவர்கள் வைக்க வேண்டும். பஞ்சாட்சரம் ஃபோனில் பேசி முடித்துவிட்டுக் கண் ஆபரேஷனுக்குப் படுத்துவிட்டார். முதல்முறையாக ஒரு மேட்ச் முழுசாக ஜவஹரின் கையில் வந்தது. அவன் நேரே மேற்கு மாம்பலத்துக்குப் போனான், தெப்பக்குளம் மேனேஜர் கல்யாணராமன் வீட்டுக்கு.

"வாங்கோ, உக்காருங்கோ. பஞ்சு பேசிட்டார். மூணு பாயின்ட்தானே? பசங்ககிட்ட சொல்லியாச்சு, கவலையே படாதீங்கோ."

"வேணாம் சார். நீங்க நிஜமா ஆடணும். அதைக் கேக்கத்தான் வந்தேன்."

கல்யாணராமன் காபி டம்ளரைக் கீழே வைத்தார். "தோத்தேள்னா நாலாவது டிவிஷன். தெரியுமோல்லியோ?"

"தெரியும் சார்."

"எங்க பசங்க நிஜமா ஆடறதையே மறந்து போயிருப்பா. ஒவ்வொருத்தனையா கூப்ட்டு உக்கார வச்சுண்டு சொல்லணும். பாயின்ட்டைத் தூக்கிக் குடுக்கறதவிட இது பெரிய உபகாரம், பாத்துக்கோங்கோ."

"உங்க உதவிய மறக்கவே மாட்டேன் சார்" என்றான் ஜவஹர். சந்தோஷத்தில் சொன்னது. பெரியவர் ஒருத்தர் சரி என்று சொன்னால் வீட்டை விட்டு இறங்கும்போது எவனும் சொல்கிற வார்த்தைதான்.

அன்றைக்கு நிஜமாகவே வெயில் மண்டையைப் பிளந்தது. ஜவஹர் டீமை நிற்கவைத்து, "வெயிலாவது ஒண்ணாவது, ஓடுங்கப்பா" என்றான். பத்தொன்பது வயசுப் பையன்கள் முதல் நாற்பதைத் தொட்ட அம்மாசி வரை அவனைச் சந்தேகமாகப் பார்த்தார்கள். பதினேழாவது நிமிஷம் வந்தது. ஜவஹர் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். பதினெட்டு வந்தது. வயிற்றில் காலையில் தின்ற இட்லி, இட்லியாகவே இருந்தது. தெப்பக்குளத்துக்காரர்கள் ஓடினார்கள், இடித்தார்கள், கெட்டவார்த்தை பேசினார்கள். அதைக் கேட்க அவனுக்குக் கச்சேரி கேட்பது போல் இருந்தது. ஐம்பதாவது நிமிஷத்தில் அம்மாசி பெனால்ட்டியை முகத்தில் வாங்கித் தடுத்தான். இரண்டு நிமிஷம் பாக்கி இருக்கும்போது கார்னரிலிருந்து வந்த பந்து யார் முதுகிலோ பட்டு உள்ளே போயிற்று. ஒன்றுக்குப் பூஜ்யம். விசில் ஊதியபோது ஜவஹர் அழுதான். கோல்போஸ்ட்டுக்குப் பின்னால் அமீனா பீயோடு நின்றிருந்த வடிவைப் பார்த்து, வயிற்றைத் தட்டிக் காட்டினான். அவள் சிரித்தாள்.

அம்மாசியை அனுப்பாமல் தானே நடுவட்டத்துக்குப் போனான். கல்யாணராமன் இரண்டு கையாலும் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கெட்ட மனுஷர் இல்லை.

"சொன்ன மாதிரியே நேர்மையா ஆடிட்டோம் பாருங்கோ. ஒரு குறை வைக்கலை. அடுத்த வருஷம் எங்களுக்கு ஒண்ணுன்னா ஞாபகம் வச்சுக்கோங்கோ."

அப்போதுதான் ஜவஹருக்கு உறைத்தது. அந்த நேர்மையையும் அவன் மொய்யாகத்தான் வாங்கியிருந்தான். கையை உருவிக்கொள்ளக்கூட நேரமில்லை. பதினெட்டு வருஷத்தில் வராத அளவுக்கு வந்தது. கட்டுக் கட்டாக, வேர் தொண்டையைக் கிழிக்க, கல்யாணராமனின் வெள்ளைச் செருப்பு மூழ்க, கால் மணி நேரம் வந்தது. அவர் மட்டும், பாவம், அவன் முதுகைத் தடவிக் கொடுத்துக்கொண்டே நின்றார். வடிவு ஓடிவந்து, "என்னங்க? நல்லாத்தான வெளையாடுனாங்க? நல்லாத்தான இருந்தீங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அதன்பிறகு அவள் மைதானத்துக்கு வரவில்லை.

மறுநாள் காலை நடுவட்டமும் பச்சையாகிவிட்டது. பஞ்சாட்சரம் கறுப்புக் கண்ணாடியோடு வந்து நின்று படம் எடுத்துக்கொண்டார். மைதானம் முழுமை பெற்ற நாள் என்று கல்வெட்டு வைத்தார்கள். அதில் ஏழு பேர் பெயர் இருந்தது, ஜவஹர் பெயர் இல்லை.

2025-ல் தெப்பக்குளம் கடைசி இடத்துக்கு வந்தது. கல்யாணராமன் ஃபோன் செய்து, ஒன்றும் கேட்கவில்லை, "சௌக்யமா? ஞாபகம் இருக்கோ?" என்று மட்டும் விசாரித்தார். இருக்கிறது என்றான் ஜவஹர். அது ஐப்பசி மாதம், காலையிலிருந்து தூறிக்கொண்டிருந்தது. டீமைச் சுற்றி நிற்கவைத்தான். அம்மாசி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "வெயில் ஜாஸ்தியா கீது" என்றான் ஜவஹர். "ரொம்ப ஓடாதீங்கப்பா." சொல்லிவிட்டுப் பெஞ்சுக்குப் போய், துண்டை மடியில் போட்டுக்கொண்டு காத்திருந்தான். பதினேழாவது நிமிஷம் வந்தது, போயிற்று. இருபத்தைந்து வந்தது. வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தான். விரலை விட்டுக்கூடப் பார்த்தான். ஒன்றும் வரவில்லை. மைதானத்தில் இனி இடம் இல்லாததால் நின்றுவிட்டது என்று சங்கத்தார் முடிவு செய்தார்கள். எல்லோருக்கும் அது சரியாகப் பட்டது.

ஹாஃப் டைமில் ஸ்கோர் மூன்றுக்குப் பூஜ்யம். ஜவஹர் வாழைப்பழத் தோலைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு வடக்கு கோல்போஸ்ட்டுக்குப் பின்னால் போனான். பழைய ஆடுகளின் பேரக்குட்டிகளான ஐந்து ஆடுகளும் வழக்கம்போல் எழுந்து வந்தன. முதல் ஆடு அவன் கையை மோந்து பார்த்தது. புல்லை மோந்த மாதிரியே முகத்தைத் திருப்பிக்கொண்டு போய் ஒரு போஸ்டரைத் தின்ன ஆரம்பித்தது. மற்ற நாலும் அதன் பின்னால் போயின. ஜவஹர் தோலை நீட்டியபடியே நின்றான்.

அமீனா பீ ஆட்டையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். வாயில் வந்ததைப் பேசிப் பழகியவள் அவள். ஆனால் அன்றைக்கு ஒரு டம்ளர் மோரை ஊற்றி அவனிடம் நீட்டி, "வெயில் ஜாஸ்தி நைனா" என்றாள். "அதான் துன்ன மாட்டேங்குது."

தூறல் டம்ளருக்குள் விழுந்துகொண்டிருந்தது. "ஆமா, வெயில்தான்" என்றான் ஜவஹர். மோரைக் குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, இரண்டாம் பாதிக்குப் போனான்.