ஜன்னல் கம்பியில் கட்டிய பெல்ட்

கள்ளிக்குப்பத்தில் லிஃப்ட் இல்லாத அடுக்குமாடிகளுக்கு கேஸ் சிலிண்டர் போடுவது என் வேலை. மழை நாளில் ஒரு படிக்கட்டில் வழுக்கி விழுந்து வலது தோளில் சதை கிழிந்துவிட்டது. அன்றிலிருந்து என் லைனில் இருக்கும் வீடுகளையும் சேர்த்து, கூட வேலை செய்யும் டில்லிபாபுதான் பார்க்கிறான். தோள் தேறிவிட்டது என்று பிசியோதெரபி மேடம் எழுதிக் கொடுத்தால் திங்கட்கிழமையே வண்டி ஏறலாம் என்று ஏஜென்சியில் சொல்லியிருந்தார்கள். வீட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கு அலுத்துவிட்டது. என்னைப் பார்த்துப் பார்த்து என் மனைவி சுலோசனாவுக்கும் அலுத்துவிட்டது.

சனிக்கிழமை டில்லி என்னை வண்டியில் வைத்து மேனாம்பேடு கிளினிக்குக் கூட்டிப் போனான். மேடம் பெயர் எழிலரசி. சின்னப் பெண், என் தோளுயரம்கூட இல்லை. என்னை ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டு, தள்ளும் பலத்தை அளக்க உள்ளங்கையில் அடங்குகிற ஒரு மீட்டரை எடுத்துவந்தாள். ஒரு பக்கம் மெத்தை, மறு பக்கம் எண் தெரியும்.

"முழங்கைய விலாவோட ஒட்டி வெச்சுக்கங்கண்ணா. கைய வெளிப்பக்கமா தள்ளுங்க. நான் தடுப்பேன்."

மீட்டரை என் மணிக்கட்டில் வைத்து, மறு பக்கத்தில் தன் கையை முட்டுக்கொடுத்து நின்றாள். வலது கையால் தள்ளினேன். ஒன்பதரை கிலோ. இடது கைக்கு மாறினாள். நான் தள்ளத் தள்ள அவள் செருப்பு தரையில் வழுக்கிக்கொண்டே பின்னால் போனது. அந்த இடத்தில் நிறுத்திக்கொண்டேன். பத்து கிலோ.

"ரெண்டு கையும் கிட்டத்தட்ட ஒண்ணாத்தான் இருக்கு. நல்லா தேறிட்டீங்க" என்று பேனாவைத் திறந்தாள்.

எனக்கு அப்போதே சிலிண்டர் தோளில் ஏறிய மாதிரி இருந்தது. டில்லி சும்மா இருந்திருக்கலாம்.

"இன்னா மாமே, மேடத்த தள்றதுக்கே மூஞ்சி செவந்து பூடுச்சு. நீ எங்க சிலிண்டர தூக்கிகினு மூணாவது மாடி ஏறப் போற?"

"அடப் போடா. நான் எங்க முழுசா தள்ளினேன்? பொம்பளப் புள்ளயாச்சேன்னு உட்டுட்டேன். இன்னும் கொஞ்சம் தள்ளியிருந்தா அந்தச் செவுத்துல போயி ஒட்டிகினு இருந்திருக்கும்."

டில்லி சிரித்தான். எழிலரசி சிரிக்கவில்லை. பேனாவை மூடினாள்.

"நெசமாவாண்ணா? முழுசா தள்ளலையா?"

"சும்மா சொன்னேன் மேடம். நீ எழுதும்மா."

"இல்லண்ணா. நீங்க விட்டுக்கொடுத்திருந்தா மீட்டர்ல வந்தது உங்க பலம் இல்ல. நான் எவ்ளோ தாங்குவேனோ, அதுதான் வந்திருக்கு."

அலமாரியிலிருந்து தடித்த பெல்ட் ஒன்றை எடுத்தாள். ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டி, மறு முனையை மீட்டரோடு சேர்த்து என் மணிக்கட்டில் சுற்றினாள்.

"இப்ப யாரும் விழ மாட்டாங்க. தள்ளுங்க."

இடது கையால் தள்ளினேன். பெல்ட் விறைத்தது, கம்பி அசையவில்லை. பதினாறு.

"பாத்தியா?" என்றேன் டில்லியிடம்.

பிறகு வலது கை. பல்லைக் கடித்து, மூச்சைப் பிடித்து, இருந்த எல்லாவற்றையும் போட்டுத் தள்ளினேன். அதே ஒன்பதரை.

"பெல்ட்டு லூசா கீது மேடம்."

அவள் இன்னும் இறுக்கி இழுத்துக் கட்டினாள். கொஞ்சம் ஓய்வு கொடுத்து மறுபடி தள்ளச் சொன்னாள். ஒன்பதரைதான். உடம்பைச் சாய்த்துத் தள்ளிப் பார்த்தேன். தோளைப் பிடித்து நேராக உட்கார வைத்துவிட்டு, இன்னொரு முறை என்றாள். அதற்குமேல் ஏறவே இல்லை. வலது கையில் நான் எதையும் மிச்சம் வைத்திருக்கவில்லை என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

"படிக்கட்டுல பாதியில இந்தக் கை விட்டுச்சுன்னா சிலிண்டர் யார் மேல விழும்னு சொல்ல முடியாதுண்ணா. இன்னும் ஒன்றரை மாசம் பயிற்சி பண்ணுங்க. இதே பெல்ட்ட கட்டி, நானே மறுபடி பாக்கறேன்."

ஒரு நீள ரப்பர் பட்டையைச் சுருட்டி என் கையில் கொடுத்தாள்.

கீழே வண்டியை எடுக்கும்போது டில்லி சொன்னான்: "வாயி இல்லாம இருந்திருந்தா திங்கக்கெழம வேலைக்கு வந்திருப்ப மாமே."

"வந்து?"

அவன் கிக்கரை உதைத்தான். என்னை வீட்டில் இறக்கிவிடும்போது, "ஒன் லைனு எங்கயும் ஓடிப் போவாது. நான் பாத்துக்கறேன்" என்றான்.

திங்கட்கிழமை காலை ரப்பரை எங்கள் ஜன்னல் கம்பியில் கட்டி இழுத்துக்கொண்டிருந்தேன். தெருவில் டில்லி ஸ்பேனரால் சிலிண்டரைத் தட்டிக்கொண்டே போகும் சத்தம் கேட்டது. துணி வாளியோடு வந்த சுலோசனா நின்று பார்த்தாள்.

"துணி காயப் போடற எடத்துல இன்னாய்யா கட்டிகினு கீற?"

சனிக்கிழமையிலிருந்து சொல்லாமல் வைத்திருந்த விஷயத்தைச் சொன்னேன். மேடம் சொன்ன ஒன்றரை மாதத்தையும் சொன்னேன். வாளியைக் கீழே வைத்தாள். நான் இரண்டு முறை இழுப்பதைப் பார்த்தாள்.

"முழங்கை வெளிய போயினே கீது பாரு" என்று ஒரு துண்டைச் சுருட்டி என் விலாவுக்கும் முழங்கைக்கும் நடுவில் சொருகினாள். அது விழாதபடி தன் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"ம், இப்ப இழு."