செவ்வாய்க்கிழமை இறங்கிய பந்து

செப்டம்பர் முதல் சனிக்கிழமை ஆட்டத்தில் ப்ளம் க்ரீக் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணியில் பந்தை எறியும் குவாட்டர்பேக் ட்ராவிஸ் எறிந்த பந்து, செவ்வாய்க்கிழமை மாலை மூன்றரை மணிக்குத் தரையிறங்கியது. இறங்கிய இடம் மளிகைக் கடையின் வண்டி நிறுத்துமிடம். அதே ஆட்டத்தில் எறிந்த இன்னும் இரண்டு பந்துகள் இறங்கவேயில்லை. மக்காச்சோள வயல்களுக்கு மேலே, சேமிப்புக் கிடங்கின் உச்சியைவிடச் சற்று உயரத்தில், பழுப்பு நிறத்தில் அசையாமல் நின்றன. காற்றடித்தால் மட்டும் கொஞ்சம் நகர்ந்தன.

எல்லாப் பந்துக்கும் இப்படி நேரவில்லை. உதைத்த பந்து ஒழுங்காக இறங்கியது. எதிரணி எறிந்தவையும் இறங்கின. கைக்கெட்டும் தூரத்தில் தள்ளிவிட்ட பந்துகளுக்கும் ஒன்றும் ஆகவில்லை. ப்ளம் க்ரீக் ஆள் தலைக்கு மேல் உயரத் தூக்கி நாற்பது கஜம் எறிந்தால்தான் பந்து மேலேயே தங்கிவிட்டது. நடுவர்கள் முதல் வாரம் ஆட்டத்தை நிறுத்திவிட்டு அண்ணாந்து நின்றார்கள். இரண்டாம் வாரம் அவர்களின் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பக்கக் கடிதம் வந்தது: நாற்பது நொடிக்குள் இறங்காத பந்து ஏந்தப்படாத பந்தாகக் கொள்ளப்படும். அதன்பிறகு யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை. இவர்கள் உயர எறிந்து பயனில்லை என்று தெரிந்ததும் எதிரணிகள் பதினொரு பேரையும் முன்னால் கொண்டுவந்து சுவர்போல் நிறுத்தின. பந்தை வயிற்றில் அணைத்துக்கொண்டு ஓடியவன் அந்தச் சுவரில் மோதி விழுந்தான். நாலு முயற்சியில் பத்து கஜம் நகர வேண்டிய ஆட்டத்தில் அவர்கள் நாலு கஜம் நகர்ந்தார்கள். வெளியூரில் எறிந்த பந்துகள், தோற்றுத் திரும்பும் பேருந்துக்குப் பின்னால் நெடுஞ்சாலைக்கு மேலே மிதந்து ஊருக்கு வந்துசேர்ந்தன. அக்டோபர் முடிவதற்குள் அணியிடம் பந்து தீர்ந்துபோய் உயர்நிலைப் பள்ளியில் இரவல் வாங்கினார்கள்.

திங்கட்கிழமை காலைகளில் காப்பிக் கடையில் இதைப் பற்றித்தான் பேச்சு.

"பந்து இறங்கல, பந்து இறங்கலன்னு எத்தனை வாரம் ஓட்டுவானுங்க?" என்றார் தானியக் கிடங்கில் வேலை பார்க்கும் லைல். "முன்வரிசையில நிக்கற அஞ்சு தடியனுங்களும் ஒருத்தனைக்கூடத் தள்ள மாட்டேங்கறானுங்க. அதுக்கும் வானமா காரணம்?"

"அந்தப் பையன் ட்ராவிஸ் மணிக்கட்டைத் திருப்பற விதமே சரியில்லப்பா," என்றார் முடிவெட்டும் மெர்ல்.

"நீ கத்திரியத் திருப்பற விதத்தைவிட எவ்வளவோ தேவலை. என் பின்மண்டையப் பாரு."

கதவு திறந்து வெஸ் கூபிக் உள்ளே வந்தால் பேச்சு மழைக்கு மாறிவிடும். அணியின் தாக்குதல் பயிற்சியாளன் அவன்தான். வயது முப்பத்துமூன்று. ஆட்டம் என்று அவர்கள் சொல்லும் உத்திகளில் எதை எந்த நேரத்தில் ஆடுவது என்று அரங்கத்தின் மாடியறையிலிருந்து காதுக்கருவியில் சொல்வது அவன் வேலை. காப்பியை வாங்கிக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போவான்.

ஆட்டங்களுக்குப் பெண் பெயர் வைப்பது அந்தப் பக்கத்துப் பயிற்சியாளர்கள் எல்லோரும் செய்வதுதான். எதிரணி காதில் விழுந்தாலும் ஒன்றும் புரியாது. உயரத் தூக்கி எறியும் அந்த நீள ஆட்டத்துக்கு, கல்யாணமான வருஷமே வெஸ் தன் மனைவியின் பெயரை வைத்தான். கார்லீன். கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்தாள். "சனிக்கிழமையானா மூணாயிரம் பேர் முன்னாடி என் பேரச் சொல்லிக் கத்தறீங்க. வீட்டுல பாத்திரம் துலக்கக் கூப்பிட்டா மட்டும் காது கேக்கறதில்ல," என்பாள். பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை, கார்க் கண்ணாடியில் உறைபனியைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்து இறந்தாள். வயது முப்பத்தொன்று. ஊரார் பதினான்கு பாத்திரங்களில் நூடுல்ஸும் பாலாடைக்கட்டியும் வேகவைத்துக் கொண்டுவந்தார்கள். பாத்திரங்களின் அடியில் கொடுத்தவர் பெயர் ஒட்டியிருந்தது. வெஸ் சாப்பிட்டான், கழுவினான், பெயர் பார்த்துத் திருப்பிக் கொடுத்தான். வாங்கிக்கொண்டவர்கள் வானிலையைப் பற்றிப் பேசினார்கள். செத்தவர் பெயரைச் சொந்தக்காரர் முன்னால் எடுப்பதில்லை என்பது அங்கே மரியாதை. அவனும் எடுக்கவில்லை. ஆகஸ்டில் புது ஆட்டத்தாள் அச்சடித்தபோது அந்தப் பெயரை அடித்துவிட்டு நாற்பத்தெட்டு என்று போட்டான். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. பந்துகள் மேலே நிற்கத் தொடங்கியது அதற்கு மூன்று வாரம் கழித்து.

தலைமைப் பயிற்சியாளர் டுவைட் நல்ல மனிதர். நவம்பரில் எட்டாவது ஆட்டமும் போனபின் அவனைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, நாற்காலியில் உட்காராமலே பேசினார்.

"வெஸ், எட்டு ஆட்டத்துல நாம ஒரு தடவைகூட எல்லைக் கோட்டைத் தாண்டல. அடுத்த சனிக்கிழமைதான் கடைசி. அன்னிக்கும் இப்படியே போச்சுன்னா என்னால உன்னைக் காப்பாத்த முடியாதுப்பா."

"வீடு?"

"வீடு வேலையோட சேர்ந்ததுதானே."

வெஸ் தலையாட்டினான். ஏழாம் தெருவில் இருந்தது கல்லூரி கொடுத்த அந்த வீடு. பின்கதவருகே கார்லீனின் பனிக்காலணிகள், தெரு உப்பின் வெள்ளைக் கறையோடு, அவள் இறப்பதற்கு முந்தின நாள் கழற்றிவைத்தபடியே இருந்தன. வேலை போனால் வேறு வேலை கிடைக்கும். அந்தக் காலணிகளை அங்கிருந்து எடுக்க வேண்டியிருக்கும் என்பதுதான் அவனுக்கு உறைத்தது.

அன்று மாலை வீட்டில் தொலைபேசி அடித்தது. பல் மருத்துவரிடமிருந்து ஒரு பெண். மிசஸ் கூபிக் பரிசோதனைக்கு வர நாளாகிவிட்டது, பேச முடியுமா என்றாள். ஊருக்குப் புதிது போலிருந்தது.

"கார்லீன் இல்லை," என்றான் வெஸ்.

"எப்போ வருவாங்க, சார்?"

"கார்லீன் இறந்துட்டா."

கூரையில் தொம்மென்று ஒரு சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று. வெளியே போய்ப் பார்த்தபோது புல்தரையில் இரண்டு பந்துகள் உருண்டுகொண்டிருந்தன. வெஸ் எதையும் நேரம் போட்டுக் குறித்துவைக்கும் தொழிலில் இருந்தவன். இந்த இரண்டையும் குறித்தான். செப்டம்பர் செவ்வாய்க்கிழமை மூன்றரை மணிக்குத் தான் எங்கே நின்றான் என்று யோசித்தான். மளிகைக் கடையில், ஷெரில் உட்காரும் கல்லாவில். தள்ளுபடி அட்டை யார் பெயரில் இருக்கிறது என்று அவள் பழக்கத்தில் கேட்டுவிட்டாள். அவன் கார்லீன் பெயரைச் சொன்னான். ஷெரில் முகம் சிவந்து, முட்டைகளைத் தேவைக்குமேல் கவனமாகப் பையில் வைத்தாள். வெளியே வந்தால் காருக்குப் பக்கத்தில் பந்து கிடந்தது.

தெரிந்துகொள்வது ஒன்று, வாய் திறப்பது வேறு. கடைசி ஆட்டத்தின் கடைசி நிமிடங்கள் வரை வெஸ் பந்தோடு ஓடும் ஆட்டங்களையே சொல்லிக்கொண்டிருந்தான். எதிரணி இரண்டு முறை உதைத்து ஆறு புள்ளி எடுத்திருந்தது. இவர்களிடம் ஒன்றுமில்லை. ப்ளம் க்ரீக் அணிக்குக் கொக்குகள் என்று பெயர். "கொக்குங்களா, குளம் கீழ இருக்கு, ஏன் வானத்தப் பாக்கறீங்க!" என்று எதிர்ப்பக்கத்தார் கத்தினார்கள். மேலே பதினான்கு பந்துகள் நின்றன. ஒன்றேகால் நிமிடம் மிச்சமிருந்தது.

"வெஸ், என்ன ஆட்டம்? சீக்கிரம் சொல்லு," என்றார் டுவைட் காதுக்கருவியில்.

வெஸ் கையிலிருந்த தாளைப் பார்த்தான். நாற்பத்தெட்டு என்று இருந்தது. தாளைக் கவிழ்த்து வைத்தான்.

"கார்லீன்."

சோளப்பொரி விற்கும் கடையின் தகரக்கூரையில் ஒரு பந்து விழுந்தது.

"இன்னொரு தடவை சொல்லுப்பா. சத்தத்துல கேக்கல," என்றார் டுவைட்.

"கார்லீன். வலது பக்கம்."

இன்னொன்று விழுந்தது. டுவைட்டுக்கு முதல் தடவையே கேட்டிருந்தது என்று பின்னால் தெரிந்தது. அவர் அதைக் களத்துக்கு அனுப்ப, ட்ராவிஸ் முன்வரிசைக்குப் பின்னால் நின்று இரண்டு பக்கமும் திரும்பி அந்தப் பெயரைக் கத்தினான். போன வருஷத்துப் பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பந்து உயரப் போனது. வழக்கம்போல் மேலே நின்றது. கூட்டத்தில் பாதிப்பேர் கார்ச் சாவியைத் தேடத் தொடங்கினார்கள். டெவோன் என்கிற ஒமாஹா நகரத்துப் பையன் மட்டும் எல்லைக் கோட்டுக்கு அப்பால் ஓடிப்போய், கையை நீட்டிக்கொண்டு, பேருந்துக்குக் காத்திருப்பவன்போல் நின்றான். அவனை மறிக்க வேண்டியவர்களுக்கு அலுத்துவிட்டது. முப்பத்தொன்றாவது நொடியில் பந்து அவன் கைக்கு இறங்கியது. நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு ஆறு புள்ளி என்று இரண்டு கைகளையும் உயர்த்தினார். கூடுதல் ஒரு புள்ளிக்கான உதைப்பும் சரியாகப் போனது. ஏழுக்கு ஆறு.

மாலை தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் வழக்கமான விருந்து. பீன்ஸும் கறியும் போட்ட காரக் குழம்பு, தொட்டுக்கொள்ள இலவங்கப்பட்டை ரொட்டி. வெஸ் தட்டோடு உட்கார்ந்ததும் ஷெரில் எதிரே வந்து நின்றாள். மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"கார்லீன் என்கிட்ட ஒரு நாளும் சில்லறை சரியாக் கொடுத்ததில்ல, வெஸ். ஒரு நாளும்."

வெளியே தொம்மென்று விழுந்தது.

"என் கதை மட்டும் என்ன?" என்றார் மெர்ல். "நூலகத்துல சத்தம் போடாதீங்கன்னு என்னை அடக்கிட்டு, கார்லீன் சிரிச்சா பாரு, ரெண்டு தெருவுக்குக் கேட்டுச்சு."

இன்னொன்று விழுந்தது. அதன்பிறகு யார் முதலில், யார் அடுத்து என்றில்லை. ஒன்பது மாதம் வாய்க்குள் வைத்திருந்ததை ஆளுக்கொன்றாக எடுத்தார்கள். கார்லீன் அபராதம் வாங்காமல் விட்டது, கார்லீன் பனியில் வழுக்கிப் பாதிரியாரையும் இழுத்துக்கொண்டு விழுந்தது. ஒவ்வொன்றுக்கும் வெளியே ஒரு பந்து.

"மெதுவாப் பேசுங்கய்யா!" என்று லைல் எழுந்தார். "என் வண்டி வெளிய நிக்குது!" கண்ணாடி உடையும் சத்தம் கேட்டது. உட்கார்ந்துவிட்டார். "சரி, போச்சு. பேசுங்க. கார்லீனோட முதல் காருக்கு டயர் மாத்தினது நான்தான்."

வெஸ் சிரித்தான். சிரிப்பு நடுவில் வேறு ஏதோவாக மாறியது. யாரும் வானிலையைப் பற்றிப் பேசவில்லை. ஷெரில் கைத்துடைக்கும் தாளை அவன் பக்கம் தள்ளிவிட்டு, அவன் தட்டில் இன்னொரு ரொட்டி வைத்தாள். அவன் இரண்டையும் எடுத்துக்கொண்டான்.

வேலை நீடித்தது. வீடும். அந்தப் பனிக்காலணிகளை வெஸ் வசந்தத்தில் தானாகவே கழுவி உள்ளே எடுத்துவைத்தான். அடுத்து வந்த வருஷங்களில் ப்ளம் க்ரீக் உயர எறிந்த பந்துகள் இறங்கின, சில நேரம் பத்துப் பன்னிரண்டு நொடி தாமதமாக. ஓடிப்போய் நின்று காத்திருக்கப் பையன்கள் பழகிக்கொண்டார்கள். கார்லீன் என்றால் நீள ஆட்டம் என்று எல்லா எதிரணிக்கும் தெரியும். தெரிந்தும் வெஸ் பெயரை மாற்றவில்லை.

விருந்து நடந்த அன்று இரவு, மிச்சமிருந்த பன்னிரண்டில் பதினொரு பந்துகள் இறங்கின. பன்னிரண்டாவது இறங்கவில்லை. அது ஏழாம் தெருவில், வெஸ் வீட்டுப் புகைபோக்கிக்கு நேர் மேலே வந்து நின்றது. எத்தனை முறை பெயர் சொன்னாலும் அசையவில்லை. வயல்களுக்கு மருந்தடிக்கும் விமானத்துக்காரர் தன் வரைபடத்தில் அதைக் குறித்துக்கொண்டு சுற்றிப் போகிறார். கிடங்கின் நீள ஏணியைக் கொண்டுவரட்டுமா என்று லைல் ஒருமுறை கேட்டார்.

"இருக்கட்டும் லைல்," என்றான் வெஸ். "மழை வந்தா அதுக்குக் கீழ மட்டும் நனையறதில்ல." லைல் அண்ணாந்து பார்த்தார். புகைபோக்கிக்கு அது வசதிதான் என்று ஒத்துக்கொண்டார்.