செப்டிக் டேங்க் குழியருகே ஒரு ஜோடிப் படம்

"ஒரு கையெழுத்துடி. தாலி கட்டிக்க சம்மதமாம், கடுதாசியில கையெழுத்து மட்டும் போடமாட்டாளாம்." தனியாளாகப் பெண்ணை வளர்த்த ராஜலக்ஷ்மியின் குரல் மாடிப்படி வரை கேட்டது.

"கல்யாணம் என் விஷயம்மா. கடுதாசி, அங்க வந்து தூங்கப்போறவா விஷயம்," என்றாள் மகள் பிரியம்வதா.

எதிர் ஃப்ளாட் சாவித்ரி மாமி, நிச்சயதார்த்தத்துக்கு இரவல் தர எடுத்து வந்த வெள்ளித் தாம்பாளத்தோடு வாசலிலேயே நின்றாள். உள்ளே போனால் சண்டை நின்றுவிடும், பாதிதான் தெரியும். டாக்குரியா வட்டாரத்துத் தமிழர்களின் ஜாதகங்கள் எல்லாம் அவள் கைப்பையில்தான் குடியிருந்தன. இந்த ஜோடியும் அவள் சேர்த்ததுதான்.

பிரியம்வதா பாறை படித்து, நில ஆய்வுத் துறையில் வேலை பார்ப்பவள். பையன் நிர்மலுக்கு சால்ட் லேக்கில் ஐ.டி. வேலை. அவன் அப்பா ராகவேந்திரன், வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, டூவார்ஸில், சமவெளி முடிந்து இமயமலை தொடங்கும் விளிம்பில், விடுதி கட்டிக்கொண்டிருந்தார். நிலத்தின் குறுக்கே படி வைத்தாற்போல் இயற்கையாகவே ஒரு மேடு; அதில் அவருக்கு ஏகப் பெருமை. அனுமதி கிடைக்க, அங்கே பூமிப்பிளவு இல்லையென்று ஒரு நிபுணர் எழுதித் தரவேண்டும். மருமகளே நிபுணராக வாய்த்தால் எவ்வளவு சௌகரியம்.

கெடுத்தது ஒரு போட்டோ. தை மாதம் நிலம் பார்க்கப் போனபோது, மேட்டடியில் செப்டிக் டேங்குக்கு வெட்டிய குழியருகே ஜோடியை நிறுத்தி எடுத்தது. அன்று நிர்மலைத் தவிர வேறெதுவும் பிரியம்வதாவின் கண்ணில் படவில்லை. போன வாரம்தான் செல்போனில் படத்தை விரலால் விரித்து, பின்னாலிருந்த குழியைப் பார்த்திருக்கிறாள். எடுத்தது யாரென்று யாரும் கேட்காதவரை மாமிக்கு நிம்மதி.

மாமியின் முதுகுக்குப் பின்னாலேயே அப்பாவும் பிள்ளையும் படியேறி வந்துவிட்டார்கள்.

"லெட்டர் ரெடியாம்மா?" ராகவேந்திரன் உட்காருவதற்குள் கேட்டார்.

பிரியம்வதா தரையில் மண்டியிட்டு, விரித்திருந்த ஜமக்காளத்தைச் சுவரை நோக்கித் தள்ளினாள். அது மடிப்பு மடிப்பாக எழுந்தது.

"இந்தியா வடக்கே இப்படித்தான் முட்டிண்டிருக்கு, மாமா. இமயமலை எழுந்தது இதுல. இன்னும் நிக்கலை, வருஷத்துக்கு ரெண்டு சென்டிமீட்டர் நெருக்கறது. இப்போ புதுசா மடியறது இந்தத் தெற்கு ஓரம்." தன் கைக்குப் பக்கத்து மடிப்பைத் தொட்டாள். "உங்க மேடு இதுதான். அந்தப் போட்டோவுல தெரியறது, குழியில பழைய ஆத்துக்கல், புது மண்ணு மேல ஏறி உக்காந்திருக்கு. பூமி ஒடைஞ்சு தள்ளினாத்தான் அப்படி ஏறும்."

"மறுபடி எப்போ ஒடையும்?"

"தெரியாது. நாளைக்கா, முந்நூறு வருஷம் கழிச்சா, யாருக்கும் தெரியாது."

"தெரியாததுக்கு ஏன் பயப்படணும்? கையெழுத்துப் போட்டா இன்னிக்கே தட்டு மாத்திக்கலாம்."

பிரியம்வதா நிர்மலைப் பார்த்தாள். அவன் ஜமக்காளத்து மடிப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். ராஜலக்ஷ்மி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"முடியாது மாமா."

ராகவேந்திரன் எழுந்தார். "அந்தக் குழிகிட்ட நிக்கவெச்சுப் படம் எடுத்த புண்ணியவான் யாரு?"

மாமி தாம்பாளத்தை மார்போடு அணைத்துக்கொண்டு எதிர் ஃப்ளாட்டுக்குள் நழுவினாள்.

பிரியம்வதா மாற்றல் வாங்கிக்கொண்டு டேராடூன் போனாள். ஆறு மாதத்தில் அம்மாவையும் அழைத்துக்கொண்டாள். கையெழுத்துப் போட வேறொரு நிபுணர் கிடைத்தார். ஆவணியில் நிர்மலுக்கும் கிடர்பூர் கஸ்டம்ஸ்காரர் மகள் ஸ்னேகாவுக்கும் கல்யாணம்; அந்த ஜாதகமும் மாமியின் கைப்பையிலிருந்துதான் போயிற்று.

புது விடுதியின் வராந்தாவில் நின்று ஸ்னேகா ஒரு படம் அனுப்பியிருந்தாள். மாமி முதலில் புடவையைப் பார்த்தாள், பிறகு வளையலை. அப்புறம், யாரோ சொல்லிக்கொடுத்த மாதிரி, ஸ்னேகாவின் தோளுக்குப் பின்னால் வெள்ளைச் சுவரில் தெரிந்த கோணல் கோட்டின் மேல் இரண்டு விரலை வைத்து மெல்ல விரித்தாள்.