முதல் வீட்டு வாசலில் சொன்னது

எங்கள் சட்டத்தில் கொலை வேறு, கள்ளக்கொலை வேறு. ஆளைக் கொன்றவன் பிணத்தைப் பறவைகள் கொத்தாதபடி மூடிவிட்டு, அன்றே, வழியில் எதிர்ப்படும் முதல் வீட்டு வாசலில் நின்று தன் செயலை அறிவித்துவிட வேண்டும். அறிவித்தவன் ஈடு கொடுத்து நிமிர்ந்து வாழலாம். மறைத்தவன் கயவன், ஓநாயைப் போல அவனை எவரும் வெட்டலாம்.

என் அண்ணன் ஸ்டார்ரி அறிவித்தான். எங்கள் வாசலில்தான் அறிவித்தான்.

புல்லறுப்பின் கடைசி நாள் அது. உள்ளே தயிர்த்தொட்டியைக் கிளறிக்கொண்டிருந்தேன். வெளியே அவன் குரல் தெளிவாகக் கேட்டது.

"மாப்ள, பக்கத்துப் பண்ணைக் கெடிலைக் குத்திட்டேன். ஓடைப் பக்கம் கெடக்கான். கல்லு அடுக்கி மூடிட்டேன். சட்டப்படி ஒன்கிட்ட சொல்லியாச்சு."

"காயப்போட்ட புல்லு நனையுது, இந்த நேரத்துலதானா ஒனக்கு ஈட்டி தூக்கத் தோணுச்சு மச்சான்?" என்றார் என் கணவர் ஹாவர். எதையும் வேடிக்கையாக்குவது அவர் வழக்கம். பிறகு சொன்னார்: "சரி, கேட்டேன்."

மறுகோடையில் வழக்கு கேட்கும் மன்றம் கூடுவதற்குள், கெடிலின் உறவினர்கள் ஹாவரோடு தனியே பேசி, தங்கள் ஓடைப் புல்வெளியை எங்களுக்கு விட்டுக்கொடுத்திருந்தார்கள். மன்றத்தில் ஹாவரைக் கேட்டபோது, "என் வாசலுக்கு யாரும் வரலியே" என்றாராம். வழக்கமான வேடிக்கை என்றெண்ணி அண்ணன் வாய்விட்டுச் சிரித்தானாம். கேட்டிருந்தவள் நான்; ஆனால் பெண்ணின் சாட்சி அங்கே செல்லாது. முதல் பனி விழுமுன் எரிமலைக் கற்காட்டில் அவனைத் துரத்திக் கொன்றார்கள்.

ஹாவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பின், பாதிரியாராகிவிட்ட என் மகன் பிராண்ட், எங்கள் பள்ளத்தாக்கின் பழங்கதைகளை எழுதப்போவதாகச் சொன்னான். ஏடு செய்யப் பதினான்கு கன்றுகளின் தோலைக் கொடுத்தேன். மூன்று நாள், நடந்ததை நடந்த வரிசையிலேயே சொன்னேன். அவன் மெழுகுப் பலகையில் கீறிக்கொண்டு திரும்பப் படித்துக் காட்டினான். ஒரு சொல்லும் பிசகவில்லை. மெழுகைத் தேய்த்து அழித்துவிடலாம் என்பது மட்டும் அப்போது என் நினைவுக்கு வரவில்லை.

பிராண்டின் தேவாலயம் பெருந்தலைவன் ஓர்ம் என்பவனுடையது; பிராண்டுக்குப் படியளப்பவனும் அவன்தான். ஓர்ம், கெடிலின் பேரன். அவன் மகளின் திருமண விருந்தில், பட்டப்பகலில், கூடம் நிறைந்த கூட்டத்தின் முன் என் மகன் படித்தான்:

"ஸ்டார்ரி தன் கொலையைத் திருடனைப் போல மறைத்தான். நேர்மையாளரான ஹாவரிடம் எவரும் எதையும் அறிவிக்கவில்லை."

எழுந்து நின்றேன். "பிராண்ட், நிறுத்து. நான் சொன்னதைப் படி."

"உக்காருங்கம்மா. இதுதான் எழுதியிருக்கு."

"எழுதுனது ஒன் கைதானே?"

அவன் ஏட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஓர்ம் கொம்புக் கோப்பையைத் தூக்கினான். "விடுங்க பெரியம்மா! செத்தவனா சண்டைக்கு வரப்போறான்? இன்னொரு கன்னுக்குட்டி குடுங்க, அதுல உங்க கதையையும் எழுதிப்புடலாம்."

வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். பிராண்டும் சிரித்தான். பிறகு ஏட்டைப் புரட்டினான்.

நான் வெளியேறினேன். அங்கிருந்து முதல் வீடு கோல் என்பவனுடையது. ஓர்மின் குத்தகைக்காரன், விருந்துக்கு அழைப்பில்லாதவன். வாசலில் அரிவாள் தீட்டிக்கொண்டிருந்தான். அவன் எதிரே நிமிர்ந்து நின்றேன்.

"கோல், நல்லாக் கேட்டுக்கோ. எங்கண்ணன் ஸ்டார்ரிய இன்னைக்கு என் மவன் பிராண்ட் கொன்னுட்டான். ஓர்ம் வீட்டுக் கூடத்துல, எல்லாரும் பாக்க. பொணத்த மூடக்கூட இல்ல. கொன்னவன் சொல்ல மாட்டான். அதனால நான் சொல்றேன்."

கோல் ஓர்மின் கூரைப் புகையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். அரிவாளைப் புல்லில் வைத்தான்.

"கேட்டேன் தாயி," என்றான்.

ஹாவரும் இதே சொல்லைத்தான் சொன்னார். நான் அடுத்த வீட்டை நோக்கி நடந்தேன்.