அரக்கன் வாயில் ‘மக்களே’

நாகர்கோவில் பக்கத்தில் சின்னவர்கள் எல்லாரும் எங்களுக்கு ‘மக்களே’தான். எதிரே ஒரே ஒரு பிள்ளை நின்றாலும் மக்களேதான். ஷார்ஜாவில் குழந்தைகள் வார்டில் நர்ஸாகச் சேர்ந்த பிறகும் எனக்கு இந்தப் பழக்கம் போகவில்லை. எந்த நாட்டுப் பிள்ளையானாலும், “மக்களே, நோ க்ரையிங்” என்று சொல்லிவிட்டுத்தான் ஊசியை எடுப்பேன். பெரும்பாலும் அழுகை அடங்கிவிடும்.

என் வீட்டுக்காரர் ஜெகின் துபாயில் ஒரு ஸ்டுடியோவில் ஜப்பான் கார்ட்டூன்களையும் சூப்பர்ஹீரோ தொடர்களையும் இங்கிலீஷுக்கு மாற்றுகிறவர். வசனம் எழுதுவதும் ஆட்களைப் பேசவைப்பதும் அவர் பொறுப்பு. வீட்டில் நாலு வார்த்தை பேச நேரமில்லாத மனுஷனுக்கு அரக்கர்கள் வாயசைவெல்லாம் அத்துப்படி. அந்தக் கூத்தைப் பார்க்க எனக்குப் பொறுமை கிடையாது.

போன வாரம் ஒரு சூடான் நாட்டுச் சிறுமிக்கு ஊசி போடப் போனேன். நான் “மக்களே” என்றதும் அவள் கட்டில் மூலையில் ஒண்டிக்கொண்டு, “மான்ஸ்டர்! மான்ஸ்டர்!” என்று வீறிட்டாள். அவள் அம்மா, “கலாஸ், கலாஸ்” என்று அரபியில் சமாதானம் சொல்லி, பிள்ளையை அணைத்துக்கொண்டே சிரித்தாள். பிறகு போனில் ஒரு கார்ட்டூனைக் காட்டினாள். பச்சை அரக்கன் ஒருவன் பிள்ளைகளை விழுங்குவதற்கு முன்னால் வாயைப் பிளந்து, “மக்களே, நோ க்ரையிங்” என்கிறான். சொல் மட்டுமில்லை, என் இழுவையும் அப்படியே இருந்தது.

“சிஸ்டர், நீங்களும் இதைப் பார்ப்பீங்களா? அவனை மாதிரியே பேசுறீங்களே!” என்று அந்த அம்மா இங்கிலீஷில் கேட்டாள்.

கூட நின்ற நர்ஸ்கள் சிரித்துவிட்டார்கள். எனக்கு அவமானத்தில் காதெல்லாம் சுட்டது. “ஆமா, அவனைப் பாத்துத்தான். சும்மா விளையாட்டுக்கு” என்று சொல்லி நானும் சிரித்துவைத்தேன்.

சாயங்காலம் ஜெகின் செருப்பைக் கழற்றுவதற்குள் பிடித்துக்கொண்டேன். “என்னத்துக்கு எனக்க பேச்ச எடுத்துப் பேய்க்குக் குடுத்திய?”

அவருக்கு உடனே விளங்கிவிட்டது. “அந்த எடத்துல அதுக்க வாய் மூணு தடவ தொறக்கும். எந்த இங்கிலீஷப் போட்டாலும் ஒட்டல. ஒனக்க ‘மக்களே’ பொருந்திச்சி.”

“பொருந்திச்சா? என்னக் கண்டு பிள்ளைய அலறுதுவ! இது எந்த பாஷைன்னு அங்க ஒருத்தரும் கேக்கலியா?”

அவர் தரையைப் பார்த்தார். “மேனேஜர் கேட்டாரு. பாஷையில்ல, நானா உண்டாக்குன சத்தம்னு சொல்லிட்டேன். ஊருப் பேச்சுன்னு சொல்ல வெக்கமா இருந்திச்சி.”

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. “அம்மையும் அப்பனும் ஒங்களக் கூப்பிட்ட சொல்லுல்லா அது! அத இல்லன்னு சொல்ல ஒங்களுக்கு எப்படி மனசு வந்திச்சி?”

அவருக்குக் கண் கலங்கியிருந்தது. மெதுவாகக் கேட்டார்: “தப்புதான். ஆஸ்பத்திரியிலயும் கேட்டிருப்பாவளே, அங்க நீ என்ன சொன்ன?”

அதற்குப் பிறகு என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.